பொன்மணி வீட்டுக் கிரகணம்

மட்டாஞ்சேரியில் பொன்மணியின் வீட்டில் மொத்தம் நான்கு ப்ளக் பாயிண்ட். ஒன்று ஃபிரிட்ஜுக்கு, ஒன்று மிக்சிக்கு, ஒன்று புருஷன் சுப்புராஜின் போன் சார்ஜருக்கு. மிச்சமிருந்த ஒன்றில் ஐந்து இத்தாலிய மேஜை விளக்குகள் முறை வைத்து எரிந்தன. திங்கட்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை ஒன்று என்று. ஐந்தாவது விளக்கு என்ன செய்தாலும் எரியாது. அதற்கும் ஒரு முறை உண்டு. வெள்ளிக்கிழமைகளில் அதை ப்ளக்கில் சொருகி வைத்துவிட்டு, குடும்பம் ட்யூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும்.

வீட்டில் மேஜை கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விளக்குகள் பீரோ மேலும், தையல் மெஷின் மேலும், அரிசி டின் மேலும் இருந்தன.

பொன்மணி விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. சுப்புராஜ் ஆட்டோ ஓட்டுகிறான். அவள் ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோம்ஸ்டேயில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் சேர்ந்தாள். இப்போது அங்கே அவளுக்குக் கீழே மூன்று பேர். படுக்கை விரிப்பில் அவள் ஒரு தட்டுத் தட்டினால் சுருக்கம் தானாகப் போய்விடும் என்று அவர்கள் சொல்வார்கள்.

விளக்குப் பைத்தியம் பிடித்ததும் அங்கேதான். ஒரு வருஷம் மாடி அறைக்கு ஒரு இத்தாலிய மதாம்மா வந்து ஆறு மாதம் தங்கினாள். படம் வரைகிறவள். அறையிலிருந்த ட்யூப்லைட்டை முதல் நாளே கழற்றச் சொல்லிவிட்டாள். பெட்டிக்குள்ளிருந்து துணியில் சுற்றிய ஒரு சின்ன ஆரஞ்சு நிற விளக்கை எடுத்துக் கட்டிலோரம் வைத்தாள். உருண்டைத் தலை, உருண்டை அடி. தலைக்குள்ளே பல்புக்கு முன்னால் அரைத் தேங்காய்ச் சிரட்டை மாதிரி ஒரு மூடி. அதைத் திருப்பினால் வெளிச்சம் பௌர்ணமியிலிருந்து மூன்றாம் பிறை வரை குறைந்துகொண்டே போய், கடைசியில் ஓரத்தில் ஒரு கோடு மட்டும் நிற்கும்.

பொன்மணி அதுவரை பார்த்த வெளிச்சமெல்லாம் மேலிருந்து கொட்டுவது. சோறு தின்கிறவன், கணக்குப் போடுகிறவள், அழுகிறவள் எல்லார் தலையிலும் ஒரே மாதிரி கொட்டும். வெளிச்சத்தை இப்படிக் கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே என்று பரிமாற முடியும் என்று அவளுக்குத் தெரியாது. தினமும் தூசி துடைக்கும்போது அந்த மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிறகு மதாம்மா எந்தக் கோணத்தில் விட்டுப் போனாளோ, இம்மி பிசகாமல் அதே கோணத்தில் திருப்பி வைப்பாள்.

மதாம்மா அதைக் கவனித்திருக்கிறாள். ஊருக்குப் போகிற அன்று விளக்கைத் துணியில் சுற்றிப் பொன்மணி கையில் கொடுத்தாள். "யூ," என்று பொன்மணியின் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அன்றைக்குப் பொன்மணி பஸ் ஏறவில்லை, ஆட்டோ ஏறவில்லை. விளக்கைப் பிள்ளை மாதிரித் தோளில் சாய்த்துக்கொண்டு மட்டாஞ்சேரி வரை நடந்தே வந்தாள்.

மற்ற நான்கும் யூசுப் மூலம் வந்தவை. யூசுப் பழைய சாமான் கடைக்காரர், தமிழ் ராவுத்தர் குடும்பம். கம்பெனிக்காரர்கள் காலி செய்யும் பங்களாக்களிலிருந்தும், ஓய்வு பெற்ற கப்பல் கேப்டன்மாரின் வீடுகளிலிருந்தும் அவருக்குச் சாமான் வரும். பித்தளை அண்டாவையும் மர யானையையும் டூரிஸ்டுகள் வாங்குவார்கள். பிளாஸ்டிக் விளக்கை யார் வாங்குவார்? பொன்மணி ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கடைக்குப் போய்ப் பித்தளைச் சாமான்களைத் துலக்கிக் கொடுப்பாள். பதிலுக்கு யாருக்கும் வேண்டாத விளக்கை எடுத்துக்கொள்வாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் விளக்கைக் கவிழ்த்து, அடியில் இருக்கிற எழுத்துகளைத் தடவி, "முதல்ல ஒரு குச்சி, கடைசியில வால் வச்ச எழுத்து. இத்தாலிதான்" என்று சொல்லிவிடுவாள். ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

அந்த விளக்குகளுக்கு இத்தாலியில் என்ன பெயர் என்று போனில் தேடிக் கண்டுபிடித்தது மகள் சங்கரி. காளான் மாதிரி இருப்பதற்கு நெஸ்ஸோ. தையல் மெஷின் மேல் நிற்கிற, மடிப்பு மடிப்பாக வெள்ளைக் கூரை வைத்த பெரியதற்குப் பிப்பிஸ்த்ரெல்லோ. வௌவால் என்று அர்த்தம். கறுப்பாக, கொக்கு மாதிரி நீட்டி மடக்குகிற கை வைத்ததற்கு டிட்ஸியோ. யாரோ ஒருத்தன் என்று அர்த்தம். "வீட்டுக்குள்ள யாரோ ஒருத்தன் நிக்கறான், நீ பாட்டுக்கு சாயா குடிச்சிட்டு இருக்கே" என்று சுப்புராஜ் சிரிப்பான். எரியாத விளக்குக்கு மட்டும் பெயர் அகப்படவில்லை. மதாம்மா கொடுத்த முதல் விளக்குக்கு எக்ளிஸ்ஸே என்று பெயர். கிரகணம்.

இந்தப் பெயர்களால் யாருக்கும் ஒரு கெடுதலும் இருக்கவில்லை, சங்கரி கர்ப்பமாகும் வரை.

சங்கரியைக் கட்டிக்கொடுத்திருந்தது பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் வேலை. வீட்டில் மாமியார் விசாலாக்ஷி அம்மாள் மட்டும். நல்ல மனுஷி. மருமகளை அம்மா, கண்ணு என்றுதான் கூப்பிடுவார். ஆனால் பஞ்சாங்கத்தைக் கேட்காமல் நகம்கூட வெட்டமாட்டார். சங்கரிக்கு நாலாம் மாதம் ஒரு சந்திர கிரகணம் வந்தது. அன்றைக்கு மத்தியானமே அவளை உள் அறையில் உட்கார வைத்து, ஜன்னல் இடுக்குகளில் பழைய புடவையைத் திணித்து, பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். வெங்காயம் நறுக்கும் கத்திகூட அடுத்த நாள் காலைதான் வெளியே வந்தது.

வளைகாப்பு முடிந்து சங்கரி பிரசவத்துக்கு மட்டாஞ்சேரி வந்தாள். எட்டாம் மாதம் மருமகளைப் பார்க்க வருவதாகவும் மூன்று நாள் தங்குவதாகவும் விசாலாக்ஷி அம்மாளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, அத்தைகிட்ட விளக்கோட பேரெல்லாம் சொல்லிடாதே" என்றாள் சங்கரி. "வீட்டுக்குள்ள கிரகணமும் வௌவாலும் இருக்குன்னு தெரிஞ்சா, அப்பவே என்னை ஆம்புலன்ஸ்ல ஏத்திடுவாங்க."

அன்று மாலை குடும்பம் உட்கார்ந்து புதுப்பெயர் வைத்தது. கிரகணம் நிலா ஆயிற்று. வௌவால் குடை. யாரோ ஒருத்தன் கொக்கு. காளான் காளானாகவே இருக்கலாம். சுப்புராஜ் மூன்று தடவை ஒப்பித்துக் காட்டினான். ஆட்டோவில் சவாரி இல்லாத நேரத்திலும் சொல்லிப் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தான்.

விசாலாக்ஷி அம்மாள் ஒரு டின் நெய்யும் இரண்டு டின் முறுக்குமாக வந்து இறங்கினார். ஆடி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அவருக்கு இலை போட்டுச் சாப்பாடு பரிமாறும்போது, தையல் மெஷின் மேலிருந்த விளக்கு இடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சுப்புராஜ் உபசாரமாகச் சொன்னான்:

"பொன்மணி, அந்த வௌவாலைக் கொஞ்சம் தள்ளி வை. சம்பந்தியம்மா தலையில முட்டுது."

விசாலாக்ஷி அம்மாள் பருப்புச் சோற்றோடு எழுந்துவிட்டார். "வௌவாலா? எங்கீங்க?"

குடை என்ற சொல் சுப்புராஜுக்கு வாழ்க்கையிலேயே இல்லாதது போல மறந்துபோயிருந்தது. பொன்மணிதான் கூரையைக் கைகாட்டி, "அதோ, அந்த மூலையில! மழைக்கு உள்ளே வந்துடும் சம்பந்தி. ஏங்க, விரட்டுங்க!" என்றாள்.

அவன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இல்லாத வௌவாலை விரட்டத் தொடங்கினான். முதலில் வெறுமனே வீசினான். போகப் போக அவனுக்கே வேகம் வந்துவிட்டது. பீரோ மேல் ஏறி, காலண்டரைக் கிழித்து, காளானைக் கீழே தள்ளப் பார்த்தான்; பொன்மணி பாய்ந்து பிடித்தாள். கடைசியில் ஜன்னலைத் திறந்து, "போ! போ!" என்று கத்திவிட்டு வியர்வையோடு இறங்கி வந்தான்.

"போயிருச்சுங்க," என்றார் விசாலாக்ஷி அம்மாள், நிம்மதியாக உட்கார்ந்துகொண்டு. "நானே பாத்தனே. நல்ல பெருசுங்க."

சங்கரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

மறுநாள் மத்தியானம் பொன்மணி வேலை முடிந்து வரும்போது, வீடு இருட்டிக் கிடந்தது. அப்படி ஒரு மழை. விசாலாக்ஷி அம்மாள் மட்டும் ஆரஞ்சு விளக்கை மடியருகே வைத்துக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருந்தார். கையில் பஞ்சாங்கம். மூடியைக் கொஞ்சம் திருப்புவார், ஒரு பக்கம் படிப்பார், மறுபடி கொஞ்சம் திருப்புவார்.

"இந்த நிலா விளக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சுங்க சம்பந்தி," என்றார் தலையைத் தூக்காமல். "இதை நான் கொண்டுட்டுப் போறனுங்க."

பொன்மணி கையிலிருந்த குடையை மடக்க மறந்து அப்படியே நின்றாள். வீட்டுக்குள் விரித்த குடை அபசகுனம். அதை விசாலாக்ஷி அம்மாள் பார்க்கவில்லை என்பதே நிலா விளக்கு அவரை எவ்வளவு ஆட்கொண்டிருந்தது என்பதற்கு அத்தாட்சி.

சம்பந்தி வாய்விட்டுக் கேட்டதை இல்லை என்று எப்படிச் சொல்வது? கல்யாணத்துக்கு அவர்கள் எதையுமே கேட்கவில்லை. அன்று ராத்திரி பொன்மணி காளானை எடுத்துப் போகச் சொல்லிப் பார்த்தாள். "அது என்னமோ கீரைக்கடை மாதிரி இருக்குதுங்க" என்றார் அவர். கொக்கை மடக்கி நீட்டிக் காட்டினாள். "அது என்னையே பாக்குதுங்க" என்றார். எரியாத விளக்கைக்கூடக் காட்டினாள். அவர் பஞ்சாங்கத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

மூன்றாம் நாள் காலை விசாலாக்ஷி அம்மாள் தன் பழைய காட்டன் புடவை ஒன்றில் விளக்கைச் சுற்றத் தொடங்கியபோது பொன்மணிக்கு ஒரு வழி தோன்றியது. சொல்லக் கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்ததைச் சொல்லிவிட வேண்டியதுதான். பெயரைக் கேட்டால் தொடமாட்டார்.

"சம்பந்தி, உங்ககிட்ட ஒரு விஷயத்தை மறைச்சுட்டேன். மனசு கேக்கலை. அதோட பேரு நிலா இல்லை."

"பின்ன?"

"கிரகணம்."

விசாலாக்ஷி அம்மாளின் கை நின்றது. சங்கரி தோசைக் கரண்டியோடு கதவருகே வந்து நின்றுவிட்டாள்.

"இத்தாலிக்காரன் வச்ச பேரே அதுதானுங்களா?"

"சத்தியமா. வேணும்னா சங்கரியைக் கேளுங்க. அதான் உங்களுக்கு வேண்டாம்னு…"

"அறிவிருக்குதுங்களா உங்களுக்கு?" விசாலாக்ஷி அம்மாள் விளக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "எட்டு மாசப் புள்ளத்தாச்சிய வச்சுட்டு, வீட்டுக்குள்ள கிரகணத்தை வச்சு ஏத்தி ஏத்திப் பாத்துட்டு இருக்கீங்க! இன்னொரு நிமிசம் இது இங்க இருக்கக் கூடாதுங்க. நானே கொண்டு போயிர்றேன். எனக்கு என்ன, அறுபத்து மூணு வயசு. கிரகணம் வந்து என்னை என்ன பண்ணிரும்?"

விளக்கை இன்னொரு புடவையாலும் சுற்றி முடிச்சுப் போட்டார்.

வைட்டிலா பஸ் ஸ்டாண்டுக்குச் சுப்புராஜ் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டான். பொன்மணியும் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். சின்ன மரை வச்ச பல்புதான் போடணும். இருபத்தஞ்சு வாட்டுக்கு மேல கூடாது. எரியும்போது தலையைத் தொட்டா சுடும். ஈரத்துணி ஆகாது. பாலக்காட்டு பஸ் கிளம்பி வளைவில் திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"சங்கரியைக் கட்டிக்கொடுத்து அனுப்பினப்பகூட நீ அழல," என்றான் சுப்புராஜ்.

"அவ போன் பண்ணுவா" என்றாள் பொன்மணி.

திங்கட்கிழமைகளில் ப்ளக் காலியாகக் கிடந்தது. வேறு விளக்கை அந்த முறைக்கு மாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. சுப்புராஜ் அவளைத் தேற்றத் தோப்பும்படியிலிருந்து நாய்க்குட்டி வடிவத்தில் ஒரு விளக்கு வாங்கிக்கொண்டு வந்தான். வாலை அழுத்தினால் கண் எரியும். பொன்மணி மரியாதைக்கு ஒருநாள் எரித்துப் பார்த்து, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். யூசுப்பிடம் போய் இன்னொரு கிரகணம் கிடைக்குமா என்று கேட்டாள்.

"அக்கா, அது என்ன மத்தி மீனா, தினம் வலையில விழறதுக்கு?" என்றார் யூசுப்.

ஆவணியில் சங்கரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். தினமும் சாயங்காலம் விசாலாக்ஷி அம்மாள் வீடியோவில் வந்து பேத்தியைப் பார்ப்பார். பேத்தி பால் குடித்ததா, தூங்கியதா என்று கேட்டு முடித்ததும் பொன்மணி போனை வாங்கி, "அது எப்படி இருக்கு சம்பந்தி?" என்பாள். ஒருநாள் அவர் போனைத் திருப்பிக் காட்டினார். விளக்கின் ஆரஞ்சுத் தலையில் மூன்று விரல் பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம், கழுத்தில் ஒரு முழம் மல்லிகை.

"தோசம் கழிச்சாச்சுங்க," என்றார் விசாலாக்ஷி அம்மாள் பெருமையாக. "ஐயரைக் கூப்பிட்டு நவக்கிரகத்துக்கு ஒரு அர்ச்சனையும் பண்ணிட்டனுங்க."

"பெயிண்ட் போயிடும் சம்பந்தி!" என்று பொன்மணி போட்ட கூச்சலில் குழந்தை விழித்துக்கொண்டது.

குழந்தையின் மூன்றாம் மாதம், மகளையும் பேத்தியையும் கொழிஞ்சாம்பாறையில் கொண்டுபோய் விடும் நாள் வந்தது. பொன்மணி பெட்டியில் காளான் விளக்கை வைத்துக்கொண்டாள். அங்கே போய் நயமாகப் பேசி மாற்றிக்கொண்டு வந்துவிடுவது என்று திட்டம். போன உடனே கைகால் கழுவிவிட்டு விளக்கின் முன்னால்தான் உட்கார்ந்தாள். காது குடையும் பஞ்சுக்குச்சியைச் சோப்புத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு, சந்தனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். மூடிக்கும் தலைக்கும் நடுவில் காய்ந்த மல்லிகை மொட்டு ஒன்று மாட்டியிருந்தது. அதை ஊக்கால் நெம்பி எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. விசாலாக்ஷி அம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து, டாக்டர் ஆபரேஷன் செய்வதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண் ஆபரேசன் பண்ணி ரெண்டு வருசமாச்சுங்க," என்றார் திடீரென்று. "அப்ப இருந்து ட்யூப்லைட்டுல ஒரு வரி படிக்க முடியல. ஊசி மாதிரி குத்தும். கம்மியான வெளிச்சத்துல எழுத்தே தெரியாது. மகன்கிட்டச் சொன்னா வேலையை விட்டுட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஓடுவான். யாருகிட்டயும் சொல்லல. இந்த விளக்குலதானுங்க மறுபடி படிக்கறேன். இந்த அளவுக்குத் திருப்பி வச்சா எனக்குக் கணக்கா இருக்கு."

அவர் காட்டிய இடத்தில் பெயிண்டின் மேல் விரல் பட்டுப் பட்டு லேசாக ஒரு பளபளப்பு ஏறியிருந்தது. பொன்மணி துடைத்து முடித்து, மூடியைச் சரியாக அந்த அளவுக்குத் திருப்பி வைத்தாள். பெட்டியைத் திறந்து காளானையும் எடுத்து வெளியே வைத்தாள்.

"இது என்னத்துக்குங்க?"

"பேத்திக்கு. அவ படுக்கிற ரூமுக்கு."

ஒன்றை மீட்கப் போனவள் இரண்டையும் விட்டுவிட்டாள் என்று சுப்புராஜ் போனில் சிரித்தான். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அடுத்த நாள் காலை காப்பி குடிக்கும்போது விசாலாக்ஷி அம்மாள் கேட்டார்: "ஏனுங்க சம்பந்தி, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மில்லுக்காரர் பங்களாவைக் காலி பண்றாங்களாம். அந்தக் காலத்துல வெளிநாடெல்லாம் போய் வந்தவங்க. அங்க இந்த மாதிரி ஏதாச்சும் கிடக்குமுங்களா? இன்னிக்கு நாளும் நல்லா இருக்குது."

இருவரும் கிளம்பினார்கள். பங்களாவின் பின்கட்டில் உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே, ஆளைவிட உயரமாக, மெலிந்த ஒற்றைக்காலில் ஒரு விளக்கு சாய்ந்து நின்றது. பொன்மணி தரையில் மண்டியிட்டு, முந்தானையால் அடியைத் துடைத்து, விரலால் தடவிப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தைப் பார்த்தே விசாலாக்ஷி அம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசாதே என்று கண்ணால் சொல்லிவிட்டு, காவல்காரரிடம் போனார். "இந்தக் கொடிக்கம்பத்தை என்னங்க பண்ணப் போறீங்க? பந்தல்ல அவரைக்கொடி படர விடறதுக்கு ஆகும்" என்று சொல்லி, கையில் கொண்டுபோயிருந்த முறுக்கு டின்னையும் கொடுத்து வாங்கிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அது பெரிய தகராறாயிற்று. படுக்க வைத்தால் வழி அடைபடுகிறது, நிற்க வைத்தால் கூரையில் முட்டுகிறது. கடைசியில் மூன்று பேர் உட்காரும் சீட்டின் நடுவில் சாய்த்து, இருபுறமும் இருவரும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"இதுக்கும் டிக்கெட் எடுக்கணும் அம்மா," என்றார் கண்டக்டர். "சீட்டை அடைச்சிருக்கு."

"தம்பி, கைப்புள்ளைக்கு டிக்கெட் கேப்பீங்களா?" என்றார் விசாலாக்ஷி அம்மாள்.

"கைப்புள்ளை ஆறடி இருக்குமா?"

"வளர்ந்த புள்ளைங்க. சீக்கு. உக்கார முடியல."

பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டர் அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த விளக்கு யாருக்கு என்பதில் இரண்டு பேருக்கும் கொழிஞ்சாம்பாறை வந்து சேரும் வரை பேச்சுவார்த்தை நடந்தது. பேசி வாங்கியது விசாலாக்ஷி அம்மாள், இத்தாலி என்று கண்டுபிடித்தது பொன்மணி. பொன்மணி வீட்டில் அதை நிறுத்த இடமில்லை, விசாலாக்ஷி அம்மாள் வீட்டில் அதைத் துடைக்க ஆளில்லை. ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று சங்கரி தீர்ப்புச் சொன்னாள். இப்போது அது மட்டாஞ்சேரியில், ஃபிரிட்ஜுக்கும் கதவுக்கும் நடுவில் நிற்கிறது. உள்ளே வருகிறவர்கள் கொஞ்சம் ஒருக்களித்து வர வேண்டும். சித்திரை பிறந்தால் கொழிஞ்சாம்பாறைக்குப் போய்விடும்.